வீட்டு லொறியின் உப்புச் சாடி

மூன்றாம் முறையும் பல்புகள் வெடித்த பிறகு கல்முனைக்குடியில் யாருக்கும் சந்தேகம் மிச்சமிருக்கவில்லை. பதியுதீனின் வீட்டு லொறிக்குள் ஜின் குடியிருக்கிறது. அதுவும் சும்மா ஜின் இல்லை. உலகச் சண்டைக்காலத்தில் செத்துப்போன ஏதோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயோடு ஏறி, ஏலத்தில் லொறியோடு சேர்ந்து விலைபோன ஜின். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரம் வந்தால் அதற்கு வெளிச்சம் ஆகாது. பல்புகளை ஒவ்வொன்றாக நசுக்கிப்போடும். கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் காணாததைப் பற்றிக் கதைக்க நம் ஊரில் என்றைக்கு ஆள் பஞ்சம் வந்தது?

லொறி பிறப்பால் இராணுவ அம்புலன்ஸ். திருகோணமலைத் துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷம் கறண்ட் வேலை பார்த்த பதியுதீன் அதை ஏலத்தில் எடுத்து வந்து, இரண்டு வருஷம் அதற்குள்ளேயே கிடந்தான். இரு பக்கமும் தட்டுத்தட்டாகப் படுக்கை, மூலையில் தொழுமுன் கைகால் கழுவி வுளூச் செய்யக் குழாய் வைத்த தண்ணீர்த் தாங்கி, பின்னால் மறைப்புக் கட்டிய கழிப்பிடம், சன்னலுக்குச் சன்னல் மருதமுனைத் துணியில் திரை, கூரையில் நான்கு பல்பும் ஒரு காற்றாடியும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். இது நாலு சக்கரத்தில் ஓடுகிற வளை.

யோசனையும் பதியுதீனுடையது என்றுதான் ஊர் நினைத்தது. இல்லை, அது அவன் மனைவி சுல்பிகாவுடையது. இந்தக் கரையோரத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். பெண் பிறந்த வீட்டு வளவைவிட்டு எங்கும் போவதில்லை. சுல்பிகாவின் தங்கை கமீலா மட்டும் அந்த வழக்கத்துக்கு மாறாகத் திருகோணமலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். ஆறு வருஷமாகிறது. இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அவர்களின் முகம் கறுப்பா சிவப்பா என்று சுல்பிகாவுக்குத் தெரியாது. ஆண்கள் பஸ் ஏறலாம், ரயில் கோச்சி ஏறலாம், வழியில் எங்காவது கடை வாங்குப் பலகையில் படுத்தெழும்பலாம். ஒரு பெண் இரண்டு நாள் பாதையில் எங்கே குளிப்பாள், எங்கே தொழுவாள், எங்கே படுப்பாள்? இந்த ஒரு கேள்வியில்தான் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் பயணமும் முடிந்துபோயிருந்தது.

லொறி உருவாகி வருகிற செய்தி வேலிக்கு வேலி பரவியபோது, "என்னையும் ஏத்துவியா புள்ள?" என்று பத்துப் பெண்கள் பெயர் கொடுத்தார்கள். சுல்பிகாவோடு பதினொன்று. முதலில் பெயர் கொடுத்தவள் மசூர் ஹாஜியாரின் மனைவி முனவ்வறா. மசூர் ஹாஜியார் என்றால் பக்கத்து வளவு நெல்லு மில்லின் சொந்தக்காரர், ஊரின் வாய். அவர் ஓம் என்றால் மற்றக் கணவன்மாரும் ஓம் என்பார்கள்.

அவர் ஓம் என்றார், ஒரு நிபந்தனையோடு. "அந்நிய ஊரில பொம்புளையள இருட்டுக்குள்ள விட ஏலா. லைற் எரியோணும்." லொறியின் சொந்தப் பெற்றறி இஞ்சினை உசுப்பவே திணறும் கிழடு. அதனால் ஒவ்வொரு ஊரிலும் ஹாஜியாருக்குத் தெரிந்த மில்லின் பக்கத்தில் லொறியை நிறுத்தி, அந்த மில்லின் டைனமோவிலிருந்து கம்பி இழுப்பது என்று ஏற்பாடு. ஒத்திகைக்கு ஹாஜியாரின் மில்லிலிருந்தே கம்பி வந்தது. பொழுது சாய்கையில் பதியுதீன் நாலு பல்பையும் ஏற்றிவைத்தான். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. பள்ளிக்குப் போனான். திரும்பி வந்தான். லொறி இருட்டாக இருந்தது, தரையெல்லாம் கண்ணாடித் தூள்.

கொழும்பிலிருந்து வேறு பல்பு வந்தது. அதுவும் அப்படியே. மூன்றாவது தொகுதியும் போன பிறகு பதியுதீனிடம் மிச்சமிருந்தவை நாலே நாலு பல்பு. பதினொரு பெண்களில் ஐந்து பேரின் கணவன்மார் பெயரை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை அந்தப் பல்புகள் வெடித்தபோது லொறிக்குள் ஆள் இருந்தது. சுல்பிகா இருந்தாள்.

திரைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். பாங்கு சொன்னதும் மில்லில் சத்தம் மாறியது அவளுக்குக் கேட்டது. நெல்லுக் குத்துகிற பாரத்தோடு முனகி முனகி ஓடிய இஞ்சின், கயிறு அறுத்த மாட்டைப்போலத் தலைதெறிக்க ஓடத் தொடங்கியது. தலைக்கு மேலே பல்பு மஞ்சளிலிருந்து வெள்ளையாக ஏறியது. ஊசி முனை முதல் தன் விரல் ரேகை வரை தெரிகிற வெள்ளை. "பிஸ்மில்லா" என்று வாய் சொல்லி முடிப்பதற்குள் டப், டப், டப், டப். அவள் முக்காட்டில் கண்ணாடி உதிர்ந்தது. பயந்தாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயத்துக்கு நடுவிலும் அவள் காது வேலை செய்தது. முதலில் மாறியது இஞ்சின், பிறகுதான் விளக்கு. ஜின் பிடித்திருந்தால் அது மில்லைத்தான் பிடித்திருக்க வேண்டும்.

பள்ளியிலிருந்து வந்த கணவனிடம் அவள் கண்டதைச் சொன்னபோது பதியுதீன் தலையில் அடித்துக்கொண்டான்.

"சே! பன்னிரண்டு வருசம் கறண்டோட கிடந்தவன் நான். பட்டி! பாங்கு கேட்டதும் மில்லுக்காரர் பட்டியத் தள்ளி உட்டுட்டுத்தானே பள்ளிக்கு ஓடுறாங்க!"

விஷயம் அவ்வளவுதான். அந்தப் பழைய எண்ணெய் இஞ்சினை நிறுத்தினால் மறுபடி சூடாக்கிக் கிளப்ப அரை மணித்தியாலம் பிடிக்கும். அதனால் தொழப் போகும்போது ஒருவரும் அதை நிறுத்துவதில்லை. நெல்லுக் குத்துகிற மெஷினை இஞ்சினோடு பூட்டுகிற பட்டியைக் கழற்றி, இஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, சிக்கனமாக மில்லின் விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போவார்கள். பாரம் இல்லாத இஞ்சின் பறக்கும், அதோடு டைனமோவும் பறக்கும், அந்த மிஞ்சின கறண்ட் முழுக்கப் போய் விழ இடம் ஒன்றுதான்: லொறியின் நாலு பல்பு. அந்த நேரத்தில் ஊரில் ஆண்களெல்லாம் பள்ளியில், பெண்களெல்லாம் வீட்டில் தொழுகைப் பாயில். காண ஆளில்லாத நேரமாகப் பார்த்துத்தான் அது தினமும் நடந்திருக்கிறது.

"நீ மட்டும் எப்படிக் கண்ட?" என்று கேட்க வாயெடுத்த பதியுதீன் மனைவியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். ஆறு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அது கூடவா தெரியாது?

ஆனால் ஊருக்குத் தெரியாதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஹாஜியார், மார்க்கம் படித்த ஸைனுலாப்தீன் லெவ்வை, இன்னும் ஆறு கணவன்மார் பதியுதீனின் வாசலில் வந்து கூடினார்கள். பயணத்துக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்கிவிடத்தான் வந்தார்கள். பதியுதீன் இஞ்சினையும் பட்டியையும் விளக்கிச் சொன்னான்.

ஹாஜியாரின் முகம் சிவந்தது. "என்ட இஞ்சின் இந்த ஊருக்குச் சோறு போடுற இஞ்சின். அதில பிழை சொல்ல வாறியா?"

"இஞ்சின்ல பிழை இல்ல ஹாஜியார். பாங்கு கேட்டதும் பட்டியத் தள்ளுறதாலதான்..."

"அப்ப பாங்குல பிழை எண்டு சொல்றியா?"

பதியுதீன் அப்படித்தான். கறண்டைக் கையால் தொட்டாலும் பதறாத மனிசன், நாலு பேர் முன்னால் கதைக்கச் சொன்னால் நனைந்த தீப்பெட்டி.

"நீ கண்டியா?" ஹாஜியார் விடவில்லை.

"நான் பள்ளியில இருந்தன்."

"மறுகா ஆரு கண்ட?"

"நான் கண்டன்," என்றாள் சுல்பிகா, கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து.

வாசலில் தலைகள் திரும்பின. ஹாஜியார் திரையைப் பார்த்துக் கேட்டார்: "மஃரிபு நேரம், எல்லாரும் தொழுற நேரம். நீ தொழாம லொறிக்குள்ள என்ன செஞ்ச?"

சுல்பிகாவின் காது மடல் கொதித்தது. முன்னமே தொழுதுவிட்டேன் என்று சொல்ல முடியாது; பாங்குக்கு முன்னால் மஃரிப் ஏது? தைக்கிற அவசரத்தில் தொழவில்லை என்றால், தொழாதவள் ஏறிய லொறியில் ஜின் ஏறாமல் என்ன செய்யும் என்பார்கள். உண்மை ஒன்றுதான் இருந்தது. அந்த உண்மையைப் புருஷனிடம்கூட அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை; தொழுகைப் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தால் அவன் விளங்கிக்கொள்வான். இப்போது எட்டு ஆண்கள் வாசலில் நிற்கிறார்கள்.  அக்காவை ராத்தா என்றழைத்துக் கமீலா எழுதிய கடைசிக் கடிதம் நினைவுக்கு வந்தது. "ராத்தா, மூத்தவள் உங்களைப் போலச் சிரிக்கிறாள் என்று மாமி சொல்கிறார்." அவ்வளவுதான், வெட்கத்தை உதறிவிட்டாள்.

"அல்லாஹ் பொம்புளைக்கு மாசாமாசம் லீவு தந்திருக்கான் ஹாஜியார். எனக்கு அண்டைக்குத் தொழுகை இல்லாத நாள். அதாலதான் கண்டன். தொழப்போன நீங்க ஒருத்தரும் காணல்ல."

 ஒருவர் தென்னையில் இருந்த காகத்தை அப்போதுதான் முதன்முதலில் காகம் பார்ப்பவர்போலப் பார்த்தார். இன்னொருவர் குனிந்து செருப்பில் இல்லாத மண்ணைத் தட்டினார். 

ஸைனுலாப்தீன் லெவ்வைதான் இருமி, தொண்டையைச் செருமினார். "அல்லாஹ்வே கேக்காத தொழுகைய நாம என்னத்துக்குக் கேக்கிற ஹாஜியார்? நம்மட பிழை. ஜின் இரிக்கி, அது உண்மை. அதுக்காக விளங்காத எல்லாத்தையும் அதுட தலையில கட்டுறது சோம்பேறித்தனம். அந்தப் புள்ள கண்டதச் சொல்லுது. ஒருக்காச் சோதிச்சுப் பாப்பமே."

ஹாஜியார் சால்வையைத் தோளில் மாற்றிப் போட்டார். "சரி. வாற வியாழன் மஃரிபு. மில் எண்டைக்கும் போலத்தான் ஓடும், பட்டி எண்டைக்கும் போலத்தான் கழலும். நாங்க தொழுதிட்டு வரக்குள்ள நாலு பல்பும் எரியோணும். எரிஞ்சா பொம்புளையள் போகட்டும். ஒண்டு அணைஞ்சாலும் லொறிய இரும்புக்காரனுக்குக் குடுத்திரு."

எல்லோரும் போன பிறகு பதியுதீன் உள்ளே வந்து மனைவியின் முன்னால் நின்றான். "நான் கதைக்க வேண்டியத நீ கதைச்சிட்ட புள்ள," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அழுறதுக்கு வியாழன் வரைக்கும் நேரமில்ல. என்ன செய்யப்போறம், அதச் சொல்லுங்க."

அவனுக்கு ஒரு வழி ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் கப்பல்காரர்கள் நாடகம் போடுகிற மண்டபம் ஒன்று இருந்தது. மேடை விளக்கு மெல்ல மெல்ல மங்கும், மெல்ல மெல்ல எரியும். மந்திரமில்லை. மேடைக்குப் பின்னால் ஒருவன் உப்புத்தண்ணீர்ச் சாடிக்குள் தொங்குகிற இரண்டு தகட்டைத் தூக்குவான், இறக்குவான். அந்தச் சாடிக்குத் தண்ணீர் ஊற்றியவன் பதியுதீன்தான்.

சுல்பிகா தன் உம்மா விட்டுப்போன அச்சாறு ஊறுகாய்ச் சாடியைக் கொண்டுவந்து வைத்தாள். பதியுதீன் இரும்புத் தகடு இரண்டை நுனி கூராக வெட்டி, இரண்டும் ஒட்டாமல் நடுவில் பலகைத்துண்டு வைத்து, சாடிக்குள் தொங்கவிட்டான். மில்லிலிருந்து வருகிற கம்பி ஒன்றை வெட்டி, ஒரு நுனியை ஒரு தகட்டிலும் மற்றதை மற்றத் தகட்டிலும் முடிந்தான். இனிப் பல்புக்குப் போக வேண்டுமானால் கறண்ட் இந்த உப்புத்தண்ணீரைக் கடந்துதான் போக வேண்டும். தகடு ஆழத்தில் இருந்தால் லேசாகக் கடக்கும். தகட்டைத் தூக்கத் தூக்க அதற்குப் பாதை ஒடுங்கும். தூக்குவதற்குத் தறி நூலைத் திரித்து, மெழுகு பூசிய கயிறு. சாடி லொறியின் அடியில், கயிற்றின் நுனி உள்ளே படுக்கைக்குப் பக்கத்தில்.

பகலில் மில் சாதாரணமாக ஓடும்போது ஒரே ஒரு பல்பைப் போட்டுப் பார்த்தார்கள். பதியுதீன் சாடி நிறையக் கடல் தண்ணீர் ஊற்றியிருந்தான். சுல்பிகா கயிற்றை இழுத்தாள். பல்பு அசையவில்லை. இன்னும் இழுத்தாள், அசையவில்லை. தகடு தண்ணீரைவிட்டுக் கிளம்புகிற கடைசி விரற்கடையில் சட்டென்று அணைந்தது. நடுவில் ஒன்றுமில்லை: எரிந்தால் எரிச்சல், இல்லையென்றால் இருட்டு.

"கடல் தண்ணிய ஆரு கறி ஆணத்துக்கு ஊத்துவாங்க?" என்றாள் சுல்பிகா. கம்பியைக் கழற்றச் சொல்லிவிட்டு, சாடியைக் கவிழ்த்துக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினாள். பதியுதீன் கம்பியை மறுபடி பூட்டியதும் உப்பு. ஒரு சிட்டிகை போட்டாள், பல்பு அழுதுவடிந்தது. இன்னொரு சிட்டிகை. இன்னும் ஒன்று. கஞ்சிக்கு உப்புப் பார்க்கிற அதே நிதானம், வாயில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆறாவது சிட்டிகையில் பல்பு மாம்பழ மஞ்சளுக்கு வந்தது. கயிற்றைச் சாண் இழுத்தால் சாண் மங்கியது, விரற்கடை விட்டால் விரற்கடை பிரகாசித்தது. தகட்டைச் சுற்றிக் குமிழி கிளம்பி, கிணற்றுக்கு மருந்து போட்டதுபோல ஒரு வாசம் வந்தது.

பதியுதீன் சாடியையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். "வெள்ளைக்காரன் இதுக்கு அளவுக்கண்ணாடி வச்சிருந்தான்," என்றான்.

"அவனுக்குச் சமைக்கத் தெரியாது," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மஃரிபுக்கு ஒரே பல்போடு ஒத்திகை பார்த்தாள். பாங்கு ஒலித்தது, பட்டி கழன்றது, இஞ்சின் பறந்தது, பல்பு வெளுக்கத் தொடங்கியது. கயிற்றை இழுத்தாள். பல்பு மஞ்சளுக்கு இறங்கி, சாதுவாக எரிந்தது. லொறிக்குள் தனியாக இருந்துகொண்டு சுல்பிகா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனால் வியாழன் விடிகிற சுபஹோடு வேறொரு சிக்கல் வந்தது. அவளுடைய லீவு முடிந்துவிட்டது. வெள்ளி வரை இருக்கும் என்று நினைத்திருந்தாள்; உடம்பு ஹாஜியாரின் தவணையைக் கேட்டா நடக்கும்? குளித்தாள், தொழுதாள், பிறகு கணவனிடம் சொன்னாள்.

"மஃரிபுக்குத்தான் நேரமிரிக்கே. கொஞ்சம் பிந்தித் தொழேன்," என்றான் பதியுதீன்.

"விளக்குக்காகத் தொழுகையப் பிந்தினவள் எண்டு ஹாஜியார் சொல்லவா? ஜின் போய் நான் பேயாகிருவன்."

அவனையும் பள்ளியில் காணாவிட்டால், பதியுதீன் ஏதோ செப்படி வித்தை காட்டினான் என்பார்கள். வேறு ஒரு கை வேண்டும். சுல்பிகா பக்கத்து வேலியில் போய் ஒரு சொல் சொன்னாள். அந்தச் சொல் வேலி வேலியாகப் போயிற்று. எந்த ஆணின் காதிலும் விழவில்லை. தபால் கந்தோரும் இப்படி வேலை செய்யாது.

பின்னேர அஸருக்குப் பிறகு பின்பக்க வேலிக் கடப்பால் ஒரு ஆள் வந்தது. முனவ்வறா. முக்காட்டைத் தளர்த்தி, வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு இண்டைக்குத் தொழுகை இல்ல. கயித்தத் தா."

சுல்பிகா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "ராத்தா, ஹாஜியார் கண்டா?"

"காணட்டுமே. அண்டைக்கு உன்னட்ட ஒரு கேள்வி கேட்டாராமே, எட்டுப் பேருக்கு முன்னுக்கு. அதே கேள்விய என்னட்டயும் கேக்கட்டும் பாப்பம்."

சுல்பிகா சொல்லிக்கொடுத்தாள். மஞ்சளாக இருந்தால் சும்மா இரு, வெளுத்தால் இழு, மங்கினால் விடு, அவசரப்படாதே. முனவ்வறா இரண்டு தரம் இழுத்துவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பதினெட்டு வருசமா அந்த மனிசன ஏத்தி இறக்கிக் குடும்பம் நடத்துறன். இது என்ன பெரிய வேலையா?"

பொழுது சாய்ந்தது. கடைசி நாலு பல்பும் ஏறின. வாசலில் ஆண்கள் கூட்டமாக வந்து, எரிவதைக் கண்ணால் கண்டு, பாங்கு கேட்டதும் பள்ளிக்குப் போனார்கள். ஹாஜியார் போகிற போக்கில் மில்லைப் பார்த்துச் சத்தம் வைத்தார்: "பட்டிய உடுங்கடா!"

சுல்பிகா வீட்டுக்குப் போகவில்லை. லொறிக்குள்ளேயே படுக்கைகளின் நடுவில் பாயை விரித்துத் தொழுகைக்குத் தக்பீர் கட்டினாள். தொழுகையில் பார்வை நெற்றி படுகிற இடத்தில் இருக்க வேண்டும். அவள் பார்வை அங்கேதான் இருந்தது. ஆனால் பாயின்மேல் விழுந்த வெளிச்சத்தை அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மில்லில் இஞ்சின் பறக்கத் தொடங்கியது. அன்றைக்கு என்றும் இல்லாத வேகம். மில்லில் எல்லாப் பட்டியையும் ஒரே நேரத்தில் தள்ளியிருக்க வேண்டும். பாயின் மஞ்சள் வெளுத்தது. இன்னும் வெளுத்தது. பாயின் கோரை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இழு ராத்தா, இழு! வாய் ஓதிக்கொண்டிருந்தது, நெஞ்சு கத்தியது. யா அல்லாஹ், இந்தத் தொழுகையை ஏற்றுக்கொள், என் தங்கையைக் காட்டு.

கயிறு கறகறவென்று ஓடிய சத்தம் கேட்டது. பாயின்மேல் வெளிச்சம் அப்படியே மங்கி இருட்டின் விளிம்பு வரை போயிற்று. அவசரத்தில் முனவ்வறா அளவுக்கு மிஞ்சி இழுத்துவிட்டாள்! சுல்பிகா ருகூவுக்குக் குனிந்தாள். கயிறு கொஞ்சம் இறங்கியது. மஞ்சள் திரும்பி வந்தது. சுஜூதில் நெற்றியை வைத்தபோது அவள் கண்ணீர் பாயை நனைத்தது. அதற்குப் பிறகு மூன்றாம் ரக்அத் முடியும் வரை வெளிச்சம் அசையவில்லை.

இடப்பக்கம் ஸலாம் கொடுத்து முடிக்கும்போதே வெளியே செருப்புச் சத்தம். ஆண்கள் வந்துவிட்டார்கள். திரைகள் எல்லாம் மஞ்சளாக ஒளிர, லொறி பெருநாள் இரவு வீடுபோல நின்றது.

"நாலும் எரியுது!" என்று யாரோ கத்தினார்கள். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார் லெவ்வை.  பதியுதீன் லொறியின் பக்கத்தைக் குதிரையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தான்.

ஹாஜியார் படி வரை வந்து தலையைச் சாய்த்தார். "உள்ள ஆரு லைற்றப் பாத்த?"

"நான்தான்," என்றாள் முனவ்வறா, திரைக்குள்ளிருந்து.

"நீயா? மஃரிபு நேரம் நீ தொ..."

அந்தச் சொல் அங்கேயே நின்றது. லெவ்வை இருமினார். அதே எட்டுப் பேர், அதே வாசல். தென்னையில் அன்றைக்குக் காகம்கூட இல்லை, பார்ப்பதற்கு. ஹாஜியார் சால்வையை மறு தோளுக்கு மாற்றினார்.

"...தொண்டை வறண்டு போயிரிக்குமே. தேத்தண்ணி குடிச்சியா?" என்றார்.

லொறிக்குள் இரண்டு பெண்களும் வாயில் முக்காட்டை அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். வெளியே ஹாஜியாரும் கடைசியில் சிரித்துவிட்டார். அந்த அளவுக்கு அவர் நல்ல மனிசன்தான்.

வாபஸ் வாங்கிய ஐந்து பெயரும் அடுத்த நாள் லுஹருக்கு முன் திரும்பி வந்தன. பதினொரு பெண்களும், சாரதி ஆசனத்தில் பதியுதீனும், பக்கத்தில் லெவ்வையுமாக லொறி கிளம்பியது. லெவ்வையின் மனைவியும் பதினொன்றில் ஒருத்தி. வழியில் வாழைச்சேனை மில்லில் ஒரு இரவு, பொலன்னறுவை மில்லில் ஒரு இரவு. ஒரு மில்லில் எட்டு மணிக்கே பட்டி கழன்றது, மற்றதில் இஞ்சின் நினைத்த நேரமெல்லாம் துள்ளியது. எந்த மஃரிபிலும் கயிற்றுக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. பதினொரு பெண்களில் எப்போதும் ஒருத்திக்கு லீவு இருந்தது. யாருக்கு, எப்போது என்று ஆண்கள் இருவரும் கேட்கவில்லை. சாடியில் தண்ணீர் வற்றினால் ஊற்றினார்கள், சுல்பிகா உப்புப் போட்டாள், ஒரு பல்புகூடப் போகவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் திருகோணமலையில், கமீலாவின் வீட்டுக்குப் பக்கத்து மரம் அரிகிற ஆலையில் கம்பி இழுத்து லொறி நின்றது. கமீலா ஓடிவந்து ஏறினாள். ஆறு வருஷத்துக்கு அவள் கொஞ்சம் பருத்திருந்தாள். இரண்டு சகோதரிகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் மற்றப் பத்துப் பேரும் சேர்ந்து அழுதார்கள். மூத்த மகள் தாயின் பின்னால் நின்று சிரித்தாள். உண்மைதான், சுல்பிகாவின் சிரிப்பு.

பாங்கு ஒலித்தது. ஆலையில் வாள் நின்றது. பல்புகள் வெளுக்கத் தொடங்கின. பத்துப் பெண்கள் அழுகையில் மறந்துபோன வுளூவைச் செய்யக் குழாயடிக்கு முண்டியடித்தார்கள். முனவ்வறா தன் லீவு முடிந்தது என்று கையை விரித்தாள். யாருடைய முறை என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கயித்த இழுங்க!" என்று சுல்பிகா கத்தினாள்.

கமீலா என்ன ஏது என்று கேட்கவில்லை. கண்ணில் பட்ட கயிற்றை எட்டி இழுத்தாள். வெளிச்சம் மஞ்சளுக்கு இறங்கியது.

"இப்பிடியே பிடிச்சிருக்கவா ராத்தா?" என்றாள், மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. "நீங்க தொழுங்க. எனக்கு இண்டைக்கு லீவு."

லொறிக்குள் எழுந்த சிரிப்பு ஆலை வரை கேட்டிருக்கும். சுல்பிகா பாயை விரித்தாள். தங்கை பிடித்திருந்த வெளிச்சம் அதன்மேல் அசையாமல் விழுந்தது. தக்பீர் கட்டினாள்.